முக்கியமானவற்றுக்குப் பொழுது ஒதுக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்து வருகிறேன். சொந்த ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலையானால் திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை வண்டி ஏறி ஊருக்குப் போய், அம்மாவுடன் இருந்துவிட்டு ஞாயிறு மாலை திரும்புகிறேன். ஒரு வாரம் நான் மட்டும் போவேன், மறுவாரம் மனைவியும் பிள்ளைகளும் உடன் வருவார்கள். "உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணாச்சி நேரம் கிடைக்கிறது?" என்று உடன் வேலை பார்ப்பவர்களும் சொந்தக்காரர்களும் கேட்கத் தொடங்கி, அந்தக் கேள்வி பல கேள்விகளாகக் கிளைத்துவிட்டது. அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றையும், நான் யோசித்துச் சொன்ன விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நேர மேலாண்மை என்றால் ஒரே நாளில் நிறைய வேலைகளை முடிப்பதுதானே?

இல்லை. அப்படி நினைத்துத்தான் பலரும் தொடங்குகிறார்கள். வேகமாக இரண்டு வேலையை முடித்தால், முடித்த இடத்தில் இன்னும் இரண்டு வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும். சுறுசுறுப்பானவர் என்று பெயர் வாங்கியவரிடம்தான் எல்லோரும் வேலையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

நான் இதைப் புரிந்துகொண்டது எங்கள் வயலை வைத்துத்தான். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அணைக்கட்டிலிருந்து கால்வாய் பிரிந்து, கால்வாயிலிருந்து மடை பிரிந்து, மடையிலிருந்து வாய்க்கால் பிரிந்து வயலுக்குத் தண்ணீர் வருகிறது. எங்கள் வயல் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், வாய்க்காலின் கடைசியில் இருந்தது. தலைமடை வயல்கள் யாரும் சொல்லாமலே நிரம்பிவிடும். கடைமடைக்கு அப்படித் தானாக ஒரு நாளும் தண்ணீர் வந்ததில்லை. பிசான நெல் பருவத்தில் தண்ணீர் குறையும்போது முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். எங்கள் முறை வரும் இரவில் அப்பா மம்பட்டியும் அரிக்கேன் விளக்குமாக வரப்பில் நடந்துபோய், மேலேயுள்ள வாய்களை ஒவ்வொன்றாக வைக்கோலும் களிமண்ணும் வைத்து மிதித்து அடைத்துக்கொண்டே வருவார். அடைத்த இடத்தில் குனிந்து, எங்காவது கசிகிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நான் நிற்பேன். எல்லா வாயும் அடைபட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்கள் வயலில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கும்.

அலுவலகம், கைப்பேசி, கடை கண்ணி, வந்து போகிறவர்கள் எல்லாம் நம் நாளின் தலைமடையில் இருக்கின்றன. அவை கேட்காமலே நம் பொழுதை எடுத்துக்கொள்ளும். வயதான பெற்றோர், பிள்ளையின் அருகில் உட்கார்வது, உடம்பைப் பார்த்துக்கொள்வது, பல வருடமாகச் செய்ய நினைத்திருக்கும் ஒரு காரியம் ஆகியவை கடைமடையில் இருக்கின்றன. இவை சத்தம் போட்டுக் கேட்பதில்லை. ஆகையால் மேலே எந்த வாயை, எந்த நேரத்தில் அடைப்பது என்று முடிவு செய்வதையே நான் நேர மேலாண்மை என்று சொல்வேன். கீழே வரும் விடைகள் எல்லாம் இந்த ஒன்றைத்தான் வெவ்வேறு இடங்களில் பொருத்திப் பார்க்கின்றன.

எனக்கு உண்மையிலேயே மூச்சுவிட நேரமில்லை. எங்கிருந்து எடுத்து ஒதுக்குவது?

இருக்கலாம், ஆனால் எழுதிப் பார்க்காமல் அதை நம்பாதீர்கள். ஒரு வாரத்துக்கு மட்டும், ஒரு சின்ன நோட்டில், அரைமணிக்கு ஒரு வரியாக என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் கணக்கு உதைக்கும். அப்போதைக்கு அப்போது எழுத வேண்டும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். என் முதல் கணக்கைச் சொல்கிறேன். தூக்கம் 49 மணி நேரம், அலுவலகம் ஆறு நாளைக்கு 54, போக்குவரத்து 6, குளிப்பது சாப்பிடுவது போன்றவை பதினேழரை, கடை மற்றும் வீட்டுச் சோலிகள் 10. கூட்டினால் நூற்று முப்பத்தாறரை. மீதி முப்பத்தொன்றரை மணி நேரம் என்னிடம் இருந்திருக்கிறது. அதில் கைப்பேசிக்கு 14, தொலைக்காட்சிக்கு 7, டீக்கடைப் பேச்சுக்கு 5 போயிருந்தது. ஐந்தரை மணி நேரம் எங்கே போனது என்று எழுதவே முடியவில்லை. நாள் முழுக்கக் கணக்கு எழுதிப் பிழைக்கிற நான், என் சொந்தக் கணக்கில் ஒரு வாரத்தில் ஐந்தரை மணி நேரத்தைத் தொலைத்திருந்தேன்.

டீக்கடைப் பேச்சை நான் குறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நண்பர்கள் எனக்கு வேண்டியவர்கள். எதை வைத்துக்கொள்வது, எதை அடைப்பது என்பது அவரவர் முடிவு. நோட்டு உண்மையை மட்டும் காட்டும்.

எது முக்கியம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவசரம் வேறு, முக்கியம் வேறு. இதைப் பலரும் சொல்லியிருந்தாலும், 1954 ஆகஸ்டில் இல்லினாய்ஸ் மாநிலத்து எவன்ஸ்டனில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் பேசிய பேச்சில் இருந்துதான் அது பரவியது. தன் முன்னால் உள்ள பிரச்சினைகள் இரண்டு வகை என்றும், அவசரமானவை முக்கியமாக இருப்பதில்லை, முக்கியமானவை அவசரமாக இருப்பதில்லை என்றும் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாக அவர் எடுத்துச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதை நான்கு கட்டங்களாக வரைந்து, வேலைகளைப் பிரித்துப் போடும் முறையாக்கினார்கள். கட்டம் போடுவது நல்ல பயிற்சிதான். ஆனால் அலுவலக வேலையைப் பிரிக்கத்தான் அது எனக்கு உதவியது, வாழ்க்கையைப் பிரிக்க உதவவில்லை.

எனக்கு உதவியது வேறொன்று. அப்பா கடைசி இரண்டு வருடமும் போனில், "ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா வாயேன்டா, வரப்பு வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும், "இந்த வாரம் சோலி இருக்குப்பா, அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு மார்கழியில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து திரும்பிய பிறகு, அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் எத்தனை நாள் ஊருக்குப் போயிருந்தேன் என்று பழைய நாட்காட்டியை வைத்து எண்ணினேன். ஒன்பது நாள். அதில் ஐந்து நாள் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் போனது. அப்பாவுக்காக மட்டும் போனது நான்கு நாள். கூட்டல் சரியா என்று மூன்று முறை பார்த்தேன்.

அந்த ஒரு வருடத்தில் அலுவலகத்தில் நான் எந்தெந்த வேலைக்காக ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன் என்பதில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. ஆகவே, கேட்பவர்களிடம் நான் சொல்வது இது. ஐந்து வருடம் கழித்து எந்த நாள் நினைவில் இருக்கும், எதைச் செய்யாமல் விட்டதற்காக மனம் அடித்துக்கொள்ளும் என்று யோசித்து, இரண்டு அல்லது மூன்று பெயரையோ காரியத்தையோ ஒரு தாளில் எழுதுங்கள். ஏழெட்டு எழுதினால் ஒன்றும் நடக்காது.

அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினால் போதும்?

அளவைவிட இடம் முக்கியம். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் கிடைக்காது. கிழமையும் மணியும் சொல்லி வைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரமானாலும், செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், மற்ற வேலைகள் அதைச் சுற்றி நகர்ந்துகொள்ளும்.

அலுவலக வேலை அப்படி நகர்ந்துகொடுக்காது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஒரு வேலை, அதற்குக் கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும்படி விரிந்துகொள்ளும் என்று பிரிட்டனைச் சேர்ந்த பார்க்கின்சன் 1955இல் எழுதினார். சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன் என்று தெரிந்த பிறகு, முன்பு ஏழு மணி வரை இழுத்த அதே பேரேட்டு வேலை ஐந்து மணிக்கே முடிந்துவிடுகிறது.

பக்காவாகத் திட்டம் போடுகிறேன். ஆனால் பாதிகூட நடப்பதில்லை. ஏன்?

திட்டத்தில் அளவுக்கு மீறி அடைத்திருப்பீர்கள். மனிதர்கள் எல்லோரும் தங்கள் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்டபோது, சராசரியாக 34 நாள் என்றார்கள். முடிக்கப் பிடித்ததோ சராசரியாக 55 நாளுக்கு மேல். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாளாகும் என்றும் கேட்டிருந்தார்கள். அந்த மோசமான மதிப்பீடுகூட 49 நாளைத் தாண்டவில்லை.

வீடு கட்டியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தைக்குப் பால் காய்ச்சிவிடலாம் என்று தொடங்கி, வைகாசி தாண்டி, ஆவணியில் குடிபோனவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டுக்காரர்கள்.

இதற்கு மருந்து எளியது. நீங்கள் நினைப்பதை எழுதாமல், போன தடவை அதே வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்பதை எழுதுங்கள். போன தடவைக் கணக்கு இல்லையென்றால் நினைப்பதுடன் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு மூன்று வேலைக்கு மேல் எழுதாதீர்கள். எழுதிய மூன்றும் முடிந்தால் நாலாவதை எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறை நல்லதா?

நல்லதுதான். 1980களின் பிற்பகுதியில், மாணவராக இருந்த இத்தாலியர் பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றைத் திருகி வைத்துப் படித்த முறை அது. நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். அவருடைய அளவுக்கும் நம் நாழிகைக்கும் ஒரு நிமிடமே வித்தியாசம் என்பதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் ஒரு தம்பி, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார். வண்டி கல்லிடைக்குறிச்சியை விட்டதும் புத்தகத்தைத் திறப்பார், சேரன்மகாதேவியில் மூடுவார். அதற்கு மேல் பேட்டை வரை கூட்டம் நெருக்கும், படிக்க முடியாது. ஒரு நாளைக்குப் போக ஒரு நாழிகை, வர ஒரு நாழிகை. அவருக்குக் கடிகாரம்கூடத் தேவைப்படவில்லை, ஸ்டேஷன் பெயர்ப் பலகையே போதுமானதாக இருக்கிறது.

கைப்பேசியை என்ன செய்வது?

இரண்டு இழப்புகளைத் தனித்தனியே பாருங்கள். ஒன்று, அதில் போகும் நேரம். அதை அளப்பது எளிது. 2018 முதல் ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று காட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். முதல் நாள் பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

இரண்டாவது இழப்பு பெரியது, கண்ணுக்குத் தெரியாதது. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் பரிசோதனைகள் செய்து காட்டினார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வரியைப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும், ஆனால் சித்தப்பா ஏன் அப்படி எழுதினார் என்ற நினைப்பு அடுத்த கால்மணி நேரமும் பேரேட்டின் மேல் நிற்கும். நான் இரண்டு கூட்டலைத் தப்பாகப் போட்டது அப்படித்தான்.

என் வீட்டில் செய்தது, மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை எல்லாக் கைப்பேசிகளும் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் உள்ள தட்டில் இருக்கும். அவசரமென்றால் அழைப்பு மணி கேட்கும். மகன் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மூன்றாவது வாரம் அவனாகவே தாயக்கட்டையை எடுத்து வந்தான்.

வீட்டு வேலையும் அலுவலக வேலையும் சேர்ந்து என்னைப் பிழிகின்றன. பெண்களுக்கு இந்த யோசனைகள் எல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. இதை நேராகச் சொல்லிவிட வேண்டும். 2019இல் மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டிருந்தார்கள். ஈடுபட்டவர்களே பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர்தான். ஒருவர் தோளில் ஐந்து மணி நேரத்தை ஏற்றி வைத்துவிட்டு, "உன் நேரத்தைச் சரியாகத் திட்டமிடு" என்று அவருக்கே புத்தி சொல்வது நியாயமில்லை.

இந்தத் தவற்றை நானும் செய்தேன். சனி, ஞாயிறு ஊருக்குப் போகத் தொடங்கிய முதல் ஆறு மாதமும், நான் அம்மாவுக்காக ஒதுக்கிய நேரம் முழுவதும் என் மனைவியின் கையிலிருந்து எடுத்ததாக இருந்தது. ரேஷன் கடை, துணி, பிள்ளைகளின் டியூஷன், மாவரைத்து வைப்பது என்று என் பங்கில் இருந்த கொஞ்சநஞ்சமும் அவளிடமே போய்ச் சேர்ந்திருந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு ஞாயிறு இரவு நான் வந்து கதவைத் திறந்தபோது, கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்க, அதற்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி அவள் தூங்கிப் போயிருந்தாள். கையில் மாவு காய்ந்திருந்தது.

மறுநாள் இருவரும் உட்கார்ந்து வீட்டு வேலை முழுவதையும் எழுதினோம். நான்கு பக்கம் வந்தது. அதில் பாதி, வேலையென்றே எனக்குத் தெரியாதது. சிலிண்டர் பதிவு செய்வது யார் நினைவில் இருக்கிறது, சித்தி மகள் வளைகாப்புக்கு என்ன வாங்குவது என்று யோசிப்பது யார், மகனின் தடுப்பூசித் தேதி யாருக்குத் தெரியும் என்பவையெல்லாம் அந்தப் பட்டியலில் வந்தன. இன்று செவ்வாயும் வெள்ளியும் மாலைச் சமையல் என் பொறுப்பு. என்ன சமைப்பது என்று யோசிப்பதும் அதில் சேர்த்தி. அந்த இரண்டு மாலையும் அவள் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்விடுகிறாள். என்ன படிக்கிறாள் என்று நான் கேட்பதில்லை, அவளாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே, கேட்ட சகோதரிக்கு என் விடை இதுதான். நீங்கள் தனியாக உட்கார்ந்து அட்டவணை போடாதீர்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் உட்கார வைத்து, வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். உங்களுக்கு நேரம் கிடைக்க வேண்டுமென்றால் அது மற்றவர்கள் கையிலிருந்துதான் வர வேண்டும்.

நான் பீடி சுற்றுகிறேன். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு மணி நேரம் எழுந்தால் காசு போய்விடும். நான் என்ன செய்ய?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் முக்கூடல் பக்கம் உள்ள ஓர் அக்கா. ராத்திரி இலையை நனைத்து வைத்து, காலையில் தகட்டை வைத்து வெட்டி, மடியில் சுளகோடு உட்கார்ந்தால் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வரை நிமிர நேரமில்லை. அவர் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் விரல்கள் தூளை வைத்துச் சுருட்டி நூல் சுற்றிக்கொண்டே இருந்தன, ஒரு முறைகூடக் கீழே பார்க்கவில்லை.

எண்ணிக்கைக் கூலியில் நேரமும் காசும் ஒன்றே. கைப்பேசியைக் குறையுங்கள் என்பது போன்ற அறிவுரை அவருக்கு எதற்கு? அவரது பொழுதைக் கூட்டக்கூடியது நல்ல கூலிதான் என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகும் அவர், "சின்னவ படிக்கதப் பாக்க முடியல தம்பி, அது ஒண்ணுதான்" என்றார். யோசித்து நாங்கள் செய்தது சிறியது. மகள் பள்ளிவிட்டு வந்ததும் தனி அறைக்குப் போகாமல், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். கைக்கு வேலை இருக்கும், காதுக்கு இல்லை. இப்போது அந்த அக்காவுக்கு எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம் பாதி மனப்பாடம்.

கல்யாணம், காதுகுத்து, கொடை, துட்டி என்று வாரம் முழுக்கப் போய்விடுகிறதே. எப்படி மறுப்பது?

நம் ஊரில் இதுதான் பெரிய கேள்வி. ஆவணியும் தையும் வந்தால் ஒரே முகூர்த்த நாளில் நான்கு பத்திரிகை வந்து நிற்கும். போகாவிட்டால் வருத்தம், போனால் நாள் போய்விடும்.

துட்டி வீட்டுக்குப் போவதில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். அப்பா இறந்தபோது யார் யார் வந்து திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முகமாக நினைவிருக்கிறது. அதைப் போலவே, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போவதையும் நான் விடுவதில்லை. வருடத்துக்கு ஒரு நாள், சென்னையிலும் பம்பாயிலும் இருப்பவர்கள்கூட வந்து ஒரே பந்தியில் உட்கார்கிறார்கள். இவையெல்லாம் கடைமடையைச் சேர்ந்தவை, தலைமடை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

கல்யாணங்களில் இரண்டு வகை உண்டு. நாம் இல்லையென்றால் தேடுகிற வீடு ஒன்று, மொய் நோட்டில் பெயர் இருந்தால் போதுமென்கிற வீடு மற்றொன்று. முதல் வகைக்கு முந்தின நாளே போய் வேலை செய்யுங்கள். இரண்டாம் வகைக்கு, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்போ பின்போ ஒரு மாலையில் வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். மண்டபத்துக் கூட்டத்தில் மேடை ஏறி இறங்குவதைவிடப் பெண்ணின் தகப்பனாருக்கு அது பல மடங்கு சந்தோஷம் தருகிறது. இதை நான் பத்துப் பன்னிரண்டு வீட்டில் செய்து பார்த்துவிட்டேன், ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

வர முடியாது என்று சொல்வதானால் பத்திரிகை வைக்க வந்த அன்றே சொல்லிவிடுங்கள். "பார்க்கிறேன் அத்தான்" என்று இழுத்துவிட்டுப் போகாமல் இருப்பதுதான் மனத்தாங்கலை உண்டாக்குகிறது. நான் சொல்லும் வாக்கியம், "அன்னைக்கு ஞாயித்துக்கிழமை அத்தான், அம்மாவோட இருக்கணும். புதன்கிழமை வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையப் பாக்கேன்" என்பது.

விடிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் நேரம் கிடைக்குமா?

சீக்கிரம் படுத்தால் எழலாம். தூக்கத்தை வெட்டி நேரம் சேர்க்காதீர்கள். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான கருத்து.

நல்ல நேரம், ராகுகாலம் பார்ப்பது நேர விரயமா?

நம்பிக்கை உள்ளவர்கள் பாருங்கள். ராகுகாலம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான், அது எப்போது வரும் என்பது நாட்காட்டியிலேயே இருக்கிறது. புதிதாகத் தொடங்கத்தான் கூடாது என்பார்கள், தொடங்கியதைத் தொடரத் தடையில்லை. எங்கள் ஆச்சி ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு முன்பே முறுக்கு மாவைப் பிசைந்துவிட்டு, ராகுகாலம் முழுவதும் சுட்டுக்கொண்டிருப்பாள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். பெற்றோர் ஊரில். வாரா வாரம் வர முடியாதே?

முடியாது. ஆனால் அழைக்கும் நேரத்தை நிலையாக வைக்கலாம். வயதானவர்கள் எந்த நேரத்தில் போன் வரும் என்று தெரியாமல் நாள் முழுக்க அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருக்கிறார்கள், குளிக்கப் போகும்போதுகூட வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். புதனும் ஞாயிறும் இரவு எட்டு மணி என்று சொல்லிவிட்டால் அவர்களது நாளும் ஒழுங்குபடும். அழைக்கும்போது நடந்துகொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ பேசாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள், குரலிலேயே அது அவர்களுக்குத் தெரியும். விடுமுறைக்கு வரும்போது, பதினைந்து நாளில் பத்து நாளைக் குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் கொடுத்துவிடாமல், எங்கேயும் போகாத நாட்கள் மூன்றாவது வைத்துக்கொண்டு வாருங்கள்.

ஒதுக்கிய நேரம் ஒரு வாரம் தவறிப்போனால்?

தவறத்தான் செய்யும். மழை பெய்து வாய்க்கால் உடைந்து எங்கள் முறை தவறிய இரவுகள் உண்டு. அப்பா அன்றைக்கு மம்பட்டியைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த முறை எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு வருவார். இரண்டு வாரம் தொடர்ந்து தவறினால்தான் நான் கவலைப்படுவேன், ஏனென்றால் மூன்றாவது வாரம் அந்த நேரத்தில் வேறொன்று குடியேறிவிடும். தவறப் போகிறது என்று தெரிந்தால் சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே சொல்லி, மாற்று நேரத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இந்தச் சனிக்கிழமை அலுவலகத்தில் தணிக்கை இருக்கிறது, இரவு ஒன்பதாகிவிடும். புதன்கிழமையே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை முதல் வண்டிக்குப் போகிறேன். "அப்ப காலைச் சாப்பாட்டுக்கு வந்துருவேல்லா?" என்று மட்டும் கேட்டாள்.